30×40 சைட், ரோட்டை விட 2 அடி தாழ்வு: பிளான் போடும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

ஹென்னூர்_குமரன் (கேள்வி)

வணக்கம். பெங்களூரில் ஹென்னூர்–பாகலூர் ரோடு பக்கம் ஒரு 30×40 அடி சைட். கிழக்குப் பார்த்தது, முன்னால் 30 அடி ரோடு. சைட் ரோட்டை விட ஏறக்குறைய 2 அடி தாழ்வு. மேற்கே, பின்பக்கம் போகப் போக இன்னும் ஓரடி சரிகிறது. தெற்கே ஒட்டினாற்போல் நாலு தளக் கட்டடம், வடக்கே காலி சைட். பின்னால் சுமார் 60 அடி தள்ளி ஒரு சாக்கடை போகிறது. ரோட்டில் யுஜிடி (பாதாளச் சாக்கடை) மேன்ஹோல் இருக்கிறது, காவிரிக் குடிநீர் லைனும் வந்துவிட்டது.

கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், கூடவே ஒரு சின்ன டாய்லெட், மேலே இரண்டு தளம் என்று எண்ணம். கான்ட்ராக்டர், "சாயில் டெஸ்ட் எல்லாம் வீண் செலவு, இந்த ஏரியா முழுக்க கெட்டி மண், 5 அடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி பூட்டிங் (தூணின் அடிப்பீடம்) போட்டுடலாம்" என்கிறார். ஆர்க்கிடெக்ட் அடுத்த வாரம் முதல் பிளான் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சைட்டில் எதை எதை அளந்து, சோதித்துப் பார்க்க வேண்டும்? நானே செய்யக்கூடியது எது, ஆள் வைக்க வேண்டியது எது?

சர்வே_நம்பர்

பின்னால் போவதைச் சாக்கடை என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் குமரன். மண், மட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெங்களூரின் வடக்கு, கிழக்குப் பக்கம் ஓடும் பல சாக்கடைகள் ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போன ராஜகாலுவேதான். ஹெப்பால் பள்ளத்தாக்கின் தண்ணீர் இப்படி ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் நம்ம தென்பெண்ணையில் சேர்கிறது. திருத்திய மாஸ்டர் பிளான் 2015 படி, முதல் நிலைக் காலுவே என்றால் நடுக்கோட்டிலிருந்து 50 மீட்டர், இரண்டாம் நிலை 25, மூன்றாம் நிலை 15 மீட்டர் வரை கட்டக்கூடாது. உங்கள் 60 அடி 18 மீட்டர் சொச்சம். மூன்றாம் நிலையாக இருந்தால் சைட் தப்பும். இரண்டாம் நிலையாக இருந்தால் பின்னாலிருந்து கிட்டத்தட்ட 22 அடி, அதாவது சைட்டில் பாதிக்கு மேல், தடைக்குள் போய்விடும். 60 அடியைக் கரையிலிருந்து அளந்தீர்களா, நடுவிலிருந்தா என்பதையும் சரிபாருங்கள்.

இணையத்தில் வேறு எண்களும் கண்ணில் படும். 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தூரங்களை 50, 35, 25 மீட்டர் என்று மாற்றியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதனால் பழைய கட்டுரைகளை நம்பாமல், உங்கள் பகுதியின் திட்ட அதிகாரியிடம் நடப்பு விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது இது. கர்நாடக அரசின் நில வரைபட ஆப்பான திஷாங்க்கைத் திறந்து சைட்டில் நின்றால் சர்வே நம்பர், காலுவே, ஏரி, கராபு (சாகுபடிக்கு ஆகாததாக ஒதுக்கிய) நிலம் எல்லாம் வரைபடத்தில் தெரியும். ஆனால் போன் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும், உங்கள் பிரச்சினையோ சில மீட்டர்களில்தான் இருக்கிறது. ஆகவே ஆப்பைப் பார்த்துச் சந்தேகம் மட்டும் படலாம், முடிவுக்கு வரக்கூடாது. கிராம வரைபடத்தின் நகல் வாங்கி, அதில் காலுவே கோடு எந்த சர்வே நம்பர் ஓரமாகப் போகிறது என்று பாருங்கள். தேவைப்பட்டால் ஹத்துபஸ்து (எல்லை நிர்ணய) அளவைக்கு மனு போடுங்கள். காத்தா (சொத்துவரிப் பதிவு), ஈசி (வில்லங்கச் சான்று), தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். காலுவே கோட்டை அவர் பார்த்திருப்பார் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். லேஅவுட் வருவதற்கு முன்னால் உங்கள் சைட் இருந்த இடத்தில் கிணறு, செங்கல் சூளைக் குழி, கோடையிலும் பச்சையாக நிற்கும் ஈரத் திட்டு ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். மூடிய கிணற்றின் மேல் ஒரு பூட்டிங் உட்கார்ந்தால் அந்த ஒரு தூண் மட்டும் இறங்கும். தர்மாம்புதி ஏரியில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டும், சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியமும் நிற்கிற ஊர் இது. சின்ன குட்டைகள் எத்தனை மண்ணுக்குள் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மட்டம்_முதல்

கான்ட்ராக்டர் சொல்வது பாதி நிஜம். பெங்களூர் செம்மண்ணும் அதற்குக் கீழே வரும் மொரமும் (பாறை சிதைந்து உண்டான சரளை மண்) பொதுவாக நல்ல மண்தான். ஆனால் உங்கள் சைட் சரிவின் அடியில், கால்வாய் பக்கம் இருக்கிறது. "ஏரியா முழுக்க" என்ற பேச்சு செல்லாத இடம் அதுதான்.

பிளானுக்கு முன் உங்களுக்கு வேண்டியது ஒரே தாளில் சைட் அளவு, எல்லா மட்டங்கள், இரண்டு குழியின் மண். இது கையில் இல்லாமல் வரைகிற பிளான் எந்த சைட்டுக்கும் பொருந்துகிற பிளான்.

அளவு: டேப்பை எடுத்து நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். சரியான 30×40 என்றால் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 50 அடி வரும். பக்கங்கள் சரியாக இருந்து மூலைவிட்டங்களுக்குள் 6 அங்குலம் வித்தியாசம் இருந்தால், பின் மூலைகள் ஏறக்குறைய 5 அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். 30 அடி அகலத்தில் செட்பேக் (எல்லையோரம் கட்டாமல் விடும் இடம்) விட்டு மிஞ்சும் இடத்தில் 5 அங்குலம் போனால் மாடிப்படியின் அகலமே குறைந்துவிடும். டேப் தொய்யாமல், தரைச் சரிவோடு போகாமல், மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும்.

தெற்குக் கட்டடத்தின் ஒவ்வொரு தள விளிம்பிலிருந்தும் குண்டு நூல் விட்டுப் பாருங்கள். கீழே சுவர் எல்லைக்குள் நிற்கும், மேலே சன்ஷேடும் பால்கனியும் ஓரடி உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அது தெரிந்தால்தான் உங்கள் தெற்குச் சுவர் எங்கே வரலாம் என்று தெரியும்.

மட்டம்: உள்ளே தண்ணீர் தெரிகிற டியூப் லெவல் ஒன்று, 60 அடி நீளம், இரண்டு பேர் போதும். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் அளவு பொய் சொல்லும். முதலில் இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அழியாத ஒரு குறியை, பக்கத்துக் காம்பவுண்ட் சுவரில் பெயின்ட் கோடாகப் போடுங்கள். அதிலிருந்து ரோட்டின் நடு உச்சி, மேன்ஹோல் மூடி, மேன்ஹோலுக்குள் குழாயின் அடிமட்டம், சைட்டின் நாலு மூலை, நடு, வடக்கு சைட்டின் தரை, பின்னால் கால்வாயின் கரை, கால்வாயின் அடி ஆகிய எல்லாவற்றையும் எடுங்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்து யாரும் உள்ளே இறங்கக் கூடாது. விஷவாயு ஆளைக் கொல்லும். மேலிருந்தே கம்பு விட்டு அளந்தால் போதும்.

இந்த எண்களில் உங்கள் வீட்டின் விதி இருக்கிறது. பின்பக்க டாய்லெட் குழாய் 110 மி.மீ., சரிவு 60-க்கு 1 என்று வையுங்கள். அங்கிருந்து ரோட்டு மேன்ஹோல் வரை 45 அடி ஓடினால் 9 அங்குலம் இறங்க வேண்டும். தரைக்குக் கீழே டிராப்பும் (நாற்றத்தைத் தடுக்கும் நீர் அடைப்பு) வளைவும் ஒன்றரை அடி எடுக்கும். ஆக டாய்லெட் தரை, மெயின் குழாயின் உச்சியை விட குறைந்தது இரண்டேகால் அடி மேலே இருந்தால்தான் கழிவு ஓடும். அதை விட முக்கியம், பெருமழையில் மெயின் குழாய் நிரம்பினால் கழிவுநீர் மேன்ஹோல் மூடி வரை ஏறும். உங்கள் ஸ்டில்ட் டாய்லெட்டின் வாய் அந்த மூடியை விடத் தாழ்வாக இருந்தால், தெருக் கழிவெல்லாம் அந்த வழியாக வீட்டுக்குள் வரும். நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போடலாம், ஆனால் ஒரு துணி சிக்கினால் அது மூடாது. என் கருத்து, மூடி மட்டத்துக்கு மேலே கொண்டுபோக முடியாவிட்டால் ஸ்டில்ட்டில் டாய்லெட்டே வேண்டாம்.

ஸ்டில்ட் தரை ரோட்டு உச்சியை விட ஓரடியாவது மேலே இருக்கட்டும். தார் மேல் தார் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போகும், ஒயிட்-டாப்பிங் (தாரின் மேல் கான்கிரீட்) வந்தால் இன்னும் ஏறும். ஓரடி ஏற 8-க்கு 1 சரிவில் 8 அடி ராம்ப் வேண்டும், அது சைட்டுக்குள்ளேயே வர வேண்டும். முன்னால் 2 அடி, பின்னால் 3 அடி தாழ்வு, மேலே ஓரடி. சராசரி மூன்றரை அடி நிரப்ப வேண்டும். 1,200 சதுர அடிக்கு 4,200 கன அடி, அதுவும் கெட்டிப்பட்ட பிறகு. லாரியில் உதிரியாக 5,000-க்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். இதைக் கான்ட்ராக்ட் தொகையில் சேர்த்திருக்கிறார்களா என்று இப்போதே கேளுங்கள். 6 முதல் 9 அங்குல அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து ஏற்ற வேண்டும். இடித்த வீட்டுக் குப்பையைக் கொட்டினால் ஸ்டில்ட் தரை இரண்டு மழையில் தொய்யும். எந்தக் காரணம் கொண்டும் பூட்டிங் நிரப்பு மண்ணில் உட்காரக் கூடாது.

நிரப்பிவிட்டால் வடக்கு, மேற்குக் காம்பவுண்ட் சுவர் வெறும் சுவராக இருக்காது. 4 அடி மண்ணைத் தாங்கும் சுவர் அது. வெறும் 6 அங்குல பிளாக் சுவர் மழையில் வெளியே சாயும். ஈரம் வடிய ஓட்டைகளோடு சைஸ் கல்லிலோ கான்கிரீட்டிலோ, கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும்.

மண்: தென்கிழக்கு மூலைக்குப் பக்கத்தில் ஒன்று, வடமேற்கில் ஒன்று, 3 அடிக்கு 3 அடி, ஆழம் 6 அடி. 4 அடிக்குக் கீழே போனால் பக்கம் சரியும், ஆள் தனியாக இறங்கக் கூடாது. ஜேசிபி வைத்துத் தோண்டினால் சில நிமிட வேலை. ஒவ்வோர் அடிக்கும் கைப்பிடி மண்ணை எடுத்து, ஆழம் எழுதிய பையில் போடுங்கள். பிளாஸ்டிக், டைல் துண்டு வருகிற வரை அது கொட்டின மண். செம்மண்ணில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து, கையில் நொறுங்கி, சிறு கல் துணுக்குகள் தெரிந்தால் மொரம். சாம்பல் அல்லது கருப்பு நிறத்தில், ஈரத்தில் மெழுகு போல் உருண்டு, சேற்று வாடை அடித்தால் ஏரிப் பக்கக் களிமண். குழியில் தண்ணீர் ஊறுகிறதா, மறுநாள் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்று உயரமாக இருந்தால் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கட்டுவதே வேறு கணக்கு. காலியான சம்ப்பை ஊற்று கீழிருந்து தூக்கும், விரிசல் வழியாகக் கால்வாய்த் தண்ணீர் உள்ளே வரும். செங்கல் சம்ப் வேண்டாம், கான்கிரீட்தான்.

தெற்கு எல்லையில் மூன்றாவதாக ஒரு சின்னக் குழி. பக்கத்துக் கட்டடத்தின் பூட்டிங் எல்லை தாண்டி உங்கள் சைட்டுக்குள் நீண்டிருக்கிறதா, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். அதை உடைக்கச் சொல்லும் மேஸ்திரி பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் பூட்டிங் அதை விட ஆழமாகப் போனால், ஆழ வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருப்பது விதி. 2 அடி ஆழம் கூடினால் 4 அடி தள்ளல். முடியாவிட்டால் துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, உடனுக்குடன் கான்கிரீட் போட வேண்டும். ஒரே நாளில் முழு நீளத்துக்கும் தோண்டிவிட்டு மழையில் விட்டால் அந்த நாலு தளம் உங்கள் பக்கம் சாயும்.

அல்சூர்_மின்வேலை

மட்டம்_முதல் சார் சொன்ன தாளில் மின்கம்பத்தையும் சேருங்கள். முன்னால் போவது 11 கேவி லைன் என்றால், பால்கனியின் வெளி விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே போனால் செங்குத்தாக 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். சுவரிலிருந்து அளப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பால்கனி நீட்டலிலிருந்து அளக்க வேண்டும். 66 கேவி கோபுர லைன் பக்கத்தில் இருந்தால் அதன் பாதை மொத்தம் 18 மீட்டர் அகலம், அதற்குள் கட்டவே முடியாது. சைட்டில் மரம் இருந்தால் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். பிளானில் மரத்தைக் குறித்து விடுங்கள்.

ஜன்னல்_எந்தப்பக்கம்

வெயிலும் காற்றும் யாரும் சொல்லவில்லை. பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். உங்கள் தெற்கே நாலு தளம் மறைக்கிறது, ஆகவே குளிர்கால வெயில் கீழ்த் தளங்களுக்கு வராது. அந்தப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்து ஏமாறாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து வரும். வடக்கே இன்று காலி, நாளை அங்கேயும் 40 அடிச் சுவர் எழும். இப்போதே அது இருப்பதாக எண்ணி வரையச் சொல்லுங்கள். உங்களுக்கு நிலைக்கும் வெளிச்சம் கிழக்கு ரோடும், மேலே வைக்கும் ஸ்கைலைட்டும்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து பலமாக வரும். பல வீட்டுக்கு அது வரம். உங்களுக்கு மேற்கே கால்வாய். அந்த மாதங்களில் ஒரு மாலையில் பின் எல்லையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், வாடையும் கொசுவும் எவ்வளவு என்று தெரியும். மாடிப்படி, டாய்லெட், வாஷிங் ஏரியாவை மேற்கே தள்ளினால் பிற்பகல் வெயிலையும் தடுக்கும், நாற்றத்தையும் தடுக்கும்.

வெள்ளத்தைப் பற்றித் தெருவில் கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன், டீக்கடைக்காரர் ஆகிய மூவருக்கும் எந்த மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெரியும். விற்பவர் சொல்ல மாட்டார். பழைய சுவர்களில் பழுப்புக் கோடு இருந்தால் அதையும் மட்டம் எடுங்கள். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு ரெயின்போ டிரைவ், 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கின. இரண்டுமே தண்ணீர் இறங்கும் பாதையில் இருக்கும் தாழ்விடம்.

ஹென்னூர்_குமரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிராம வரைபடத்தில் அது மூன்றாம் நிலைக் காலுவே, நடுக்கோட்டிலிருந்து அளந்தால் 19 மீட்டர். திட்ட அதிகாரியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். குழி தோண்டியதில் தென்கிழக்கில் ஓரடி கொட்டின மண், 3 அடியில் மொரம். வடமேற்கில் 2 அடி டெப்ரி (இடிபாட்டுக் குப்பை), அப்புறம் சாம்பல் நிறக் களிமண், 6 அடியிலும் முடியவில்லை. மறுநாள் 5 அடியில் தண்ணீர் நின்றது. கான்ட்ராக்டர் இப்போது "அந்தப் பக்கம் பூட்டிங்கைக் கொஞ்சம் பெரிசாப் போட்டா போதும்" என்கிறார். போதுமா?

மட்டம்_முதல்

போதாது. பாதி வீடு மொரத்திலும் பாதி களிமண்ணிலும் உட்கார்ந்தால், மொரத்துப் பக்கம் அசையாது, களிமண் பக்கம் மெல்ல இறங்கும். விரிசல் நடுச் சுவரில் சாய்வாக வரும், பூச்சு பூசி அடங்காது. பூட்டிங்கைப் பெரிதாக்கினால் அழுத்தம் குறையும், ஆனால் இரு பக்கமும் ஒரே அளவு இறங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. கணக்கும் பாருங்கள். ஒரு தூணில் 45 டன் வருகிறது என்று வைத்தால், மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் 1.5 மீட்டர் சதுர பூட்டிங் போதும். 10 டன்தான் என்றால் 2.1 மீட்டர், அதாவது 7 அடி. 30 அடி அகல சைட்டில், எல்லையோரத் தூணுக்கு 7 அடி பூட்டிங் எப்படி நடுவில் உட்காரும்?

இப்போது போர்ஹோல் (மண்ணைச் சோதிக்க ஆழமாகப் போடும் துளை) கட்டாயம். இரண்டு போதும், குழி தோண்டிய அதே இரு மூலைப் பக்கம். வடமேற்கில் களிமண்ணைத் தாண்டி, கெட்டி மொரத்துக்குள்ளும் சில மீட்டர் போகச் சொல்லுங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, 45 செ.மீ. இறங்கும்போது கடைசி 30 செ.மீ.க்கு எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் மண்ணின் கெட்டியைக் காட்டும் என்-மதிப்பு. ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது நேரில் நில்லுங்கள், ஒவ்வொரு எண்ணையும் நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். ரிக் (துளை போடும் இயந்திரம்) வராமலே ரிப்போர்ட் வரும் இடங்கள் உண்டு. அறிக்கையில் ஊற்று மட்டம், களிமண்ணின் ஃப்ரீ ஸ்வெல் (நனைந்தால் உப்பும் அளவு), இரு மூலைக்கும் தனித்தனி தாங்குதிறன் மூன்றும் கேளுங்கள். ஃப்ரீ ஸ்வெல் 50 சதவீதத்தைத் தாண்டினால் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் மண். அதற்குள் எதையும் உட்கார வைக்க வேண்டாம்.

அதன் பிறகு முடிவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது, ஆனால் வழிகள் இவைதான். மொரம் 8 அடிக்குள் வந்துவிட்டால் வடமேற்குப் பூட்டிங்குகளையும் அதுவரை இறக்கி, தூணை நீளமாக்கி, நடுவில் ஒரு டை பீம் (தூண்களை இணைக்கும் குறுக்கு உத்தரம்) கட்டிவிடலாம். மொரம் 10 அடிக்கும் கீழே என்றால், ஊற்று 5 அடியில் நிற்கும்போது அவ்வளவு தோண்டுவது ஆபத்து. அங்கே பைல்தான் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்), அதன் நுனி மொரத்தில் பதிய வேண்டும். இரண்டில் எதுவானாலும் எல்லாத் தூணும் ஒரே மொரத்தில் நிற்க வேண்டும், அதுதான் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று. சம்ப்பைத் தென்கிழக்குக்கு, மொரத்துப் பக்கம் மாற்றுங்கள், கழிவுக் குழாயை வடக்கு ஓரமாக ஓட்டுங்கள். மழைநீர் ஊறல் கிணறும் அந்தக் களிமண்ணில் வேலை செய்யாது, தண்ணீர் அப்படியே நிற்கும். அதுவும் முன்பக்கம்தான், ஆனால் சம்ப்பிலிருந்தும் தூண்களிலிருந்தும் தள்ளி வடகிழக்கு மூலையில். அதற்கு முன் அங்கே ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

ஆர்க்கிடெக்ட்டிடம் ரிப்போர்ட் வரும் வரை பிளானை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தூண் எங்கே வரலாம் என்பதை அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.